கொட்டகைக்கு வெளியே நின்றவர்கள்
(வெள்ளி விழாவின் கலை இலக்கிய அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமக்குத் தரப்பட்ட பொருள், நமது வட்டாரத்தில் பயில்முறை நாடகம் நடந்து வந்த வழி என்பதாகும். அதனுள் புகுமுன், நம் செயற்குழுவுக்குள்ளேயே நடந்த ஒன்றைச் சபையில் சொல்லிவிடுவது முறையென்று கருதுகிறோம். இவ்விழாவின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரு வழக்கு நடந்தது. தொடக்க நிகழ்ச்சியாகப் பறை முழங்க வேண்டும் என்றனர் இளைஞர்கள். கூடாது என்றனர் பெரியவர்கள். ‘எந்தக் கருவியைக் கீழே வைப்பதற்காக எங்கள் தகப்பன்மார் அடிபட்டார்களோ, அந்தக் கருவியை நம் பிள்ளைகளே மேடையில் ஏற்றுவதா?’ என்று ஒரு பெரியவர் கேட்டபோது கூட்டம் அடங்கிப் போயிற்று. முடிவு எட்டப்படவில்லை. அழைப்பிதழில் ‘கலை நிகழ்ச்சி’ என்று பொதுவாகப் போட்டு அனுப்பினோம். நாடக வரலாறு பேச வந்த இடத்தில் இவ்வழக்கு எதற்கென்று நினைக்க வேண்டா. நாடகம் நமக்கு என்னவாக இருந்தது என்பதற்கும் இவ்வழக்கிற்கும் வேர் ஒன்றே.

‘பயில்முறை நாடகம்’ என்ற சொல் ‘அமெச்சூர்’ என்பதற்குத் தமிழில் வழங்குவது. வயிற்றுப்பாட்டுக்காக அன்றி, விருப்பத்துக்காக நடிப்பவர் என்று பொருள். தமிழ்நாட்டில் இதற்கு முதல் எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது, பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்களும் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையை. வழக்கறிஞர்களும் அரசு உத்தியோகத்தரும் கற்றறிந்த பிறரும் அதில் நடித்தனர். நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரை ‘கூத்தாடி’ என்று உலகம் இகழ்ந்த காலம் அது. கூலி வாங்காமல் நடித்தமையால் இவர்களுக்கு அந்த இகழ்ச்சி வரவில்லை. மரியாதை கெடாமல் மேடை ஏறுவதற்கு அவர்கள் கண்ட வழி அதுவே. அதனால் தமிழ் மேடைக்கு நன்மைகள் பல விளைந்தன என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இந்தச் சொல்லை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நம் முன்னோரும் கூலி வாங்காமல்தான் கலை செய்தார்கள்! ஊர்ச் சாவுக்கும், கோயில் கொடைக்கும், தண்டோராவுக்கும் அடித்தார்கள். களத்தில் அள்ளிப்போட்ட தானியமும், இறந்த மாட்டின் தோலும், பந்தி முடிந்தபின் கிடைத்த சோறும்தான் அதற்கு ஈடு. அது விருப்பமும் அன்று, தொழிலும் அன்று; ஊர்க்கட்டளை. வர மறுத்தால் தண்டனை. சென்னையில் கூலி வாங்காதது ஒருவருக்குக் கௌரவமாயிற்று. இங்கே கூலி கேட்டதே குற்றமாயிற்று. ஆகவே நம்மிடையே ‘அமெச்சூர்’ நாடகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், ‘வேண்டாம் என்று சொல்லும் உரிமை எப்போது வந்தது?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். திண்டுக்கல், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர்ப் பக்கங்களில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் திருவிழா என்றால் விடியவிடிய நாடகம் என்று பொருள். அது இரண்டு வகைப்பட்டது. ஒன்று ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களைப் பாடம் செய்த நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. பலர் ஒருவரையொருவர் முதன்முதலாகக் காண்பதே அன்றிரவு கொட்டகையில்தான். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் அவர்களுக்கு நடிகர் சங்கங்கள் உண்டு. அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள். அவர்களைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

மற்றொன்றே நமக்குரியது. ஊர் இளைஞர்கள் தாமே வேடம் கட்டும் நாடகம். ஒரு நாடக வாத்தியாரை அழைத்துவந்து, இரண்டு மூன்று மாதம் சோறு போட்டு, இரவில் அரிக்கேன் விளக்கில் பாடம் கேட்பார்கள். வேடத்திற்கு ஏற்றபடி நடிப்பவரே பணம் கட்ட வேண்டும். கதாநாயகனுக்கு அதிகம், சேவகனுக்குக் குறைவு. நன்றாக நடிப்பவனுக்கு நல்ல வேடம் கிடைக்காமல், பணம் கட்டியவனுக்குக் கிடைத்த கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு! சீன், உடை, ஆர்மோனியம், பெட்ரோமாக்ஸ் விளக்கு யாவும் வாடகை. பெண் வேடத்துக்கு ஊர்ப்பெண்கள் வர வழக்கமில்லாமையால், மதுரைப் பக்கமிருந்து நடிகையைப் பேசி அழைத்து வருவார்கள். அதற்கும் வகையில்லையேல் மீசை முளைக்காத பையன் ஒருவன் சேலை கட்டுவான். காவல் நிலையத்தில் அனுமதியும் பெற வேண்டும். 1954இல் இயற்றப்பட்ட நாடக நிகழ்ச்சிச் சட்டம் அவ்வளவு தூரம் கை நீட்டியிருந்தது. அச்சட்டம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஊர் நாடகத்தில் நம்மவர்க்கு இருந்த இடம் எது? கொட்டகைக்குக் குழி தோண்டியவர்களும், பந்தற்கால் சுமந்தவர்களும், நாடகம் நடக்கிறதென்று தண்டோரா போட்டவர்களும் நம்மவர்களே. பாய் விரித்த இடத்தில் அவர்கள் அமர முடியாது. கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நின்று பார்த்தவர்கள்தாம் பிறகு நம் தெருக்களில், காளியம்மன் பொங்கலுக்குத் தாமே நாடகம் போடத் துணிந்தார்கள். அவர்கள் பெரிதும் விரும்பிப் போட்டது அரிச்சந்திரன்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். காந்தியடிகள் சிறுவயதில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து, அதன் வாய்மையில் உருகியதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாடு முழுவதும் அந்தக் கதையில் கண்டது வாய்மையையே. நம் தெருவில் அக்கதை வேறு விதமாகவும் கேட்கப்பட்டது. அரசன் ஒருவன் நாட்டை இழந்து, மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்று, இறுதியில் தன்னையே விற்க நிற்கிறான். அவனை விலைகொடுத்து வாங்குபவர் யார்? காசியில் சுடுகாடு காக்கும் வீரபாகு, நம்மவர்! உலகத்தில் எந்தக் கதையில் நம்மவர் ஒருவர் அரசனை விலைக்கு வாங்கினார்? மயான காண்டத்தில் முடிசூடிய மன்னன் கையில் தடியேந்திப் பிணம் சுடுகிறான். பிணத்துக்கு முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் வசூலிக்கிறான். தன் மகனின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு தன் மனைவியே வந்து நிற்கும்போதும், எசமானுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தாலன்றிச் சுட மாட்டேன் என்கிறான்.

வீரபாகு வேடத்துக்கு நம் தெருக்களில் போட்டி இருந்ததென்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேடையில் வீரபாகு வந்து அமர்ந்ததும், எதிரே அரசன் கைகட்டி நிற்பான். அந்த ஒரு காட்சிக்காகவே மூன்று மணி வரை விழித்திருந்த மக்கள் உண்டு. அவ்வேடம் கட்டியவர் காலையில் பண்ணைக்குப் போய்க் கைகட்டி நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாடகம் அவருடைய வாழ்க்கையை மாற்றிவிடவில்லை. ஆயினும் ஓரிரவு அவர் அமர்ந்திருந்தார். அதனை மக்கள் கண்டார்கள்.

இதற்கு எதிரிடையாக நந்தனார் கதையை எண்ணுங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் நாடெங்கும் பரவி, பேசும் படமாகவும் பலமுறை வந்த கதை. அதில் நம்மவர் நாயகர். ஆனால் தீயில் புகுந்து எழுந்தாலன்றிக் கோயிலுக்குள் போக முடியாத நாயகர். இந்திரா பார்த்தசாரதி 1978இல் ‘நந்தன் கதை’ என்னும் நாடகம் எழுதி அந்தத் தீயைப் பற்றி வேறு கேள்வி எழுப்பினார். நம் முதியவர்கள் கேள்வியை எழுத்தில் வைக்கவில்லை. நந்தனாரை அவ்வளவாகப் போடாமல், அரிச்சந்திரனைப் போட்டார்கள். அதுவும் ஒரு திறனாய்வே என்று கொள்வதில் தவறில்லை.

1970களின் பிற்பகுதியில் புதிய காற்று ஒன்று வீசியது. அது சென்னையிலிருந்து மட்டும் வீசவில்லை. நமக்கு மிக அருகிலிருந்தே வீசியது. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், 1947இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. புது தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம் (1935–2016) அங்கே பணியாற்றினார். கேரளத்தின் நாடகக் களரி இயக்கத்துக்கு முன்னோடியான ஜி. சங்கரப்பிள்ளையும் முன்பு காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவரே. 1977இல் காந்திகிராமத்தில் நீண்ட நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. உடலைப் பழக்குதல், குரலைப் பழக்குதல், திரையும் சீனும் இல்லாமல் வெற்றிடத்தைக் காடாகவும் அரண்மனையாகவும் காட்டுதல் ஆகிய யாவும் அங்கே கற்பிக்கப்பட்டன. நவீன தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இந்தப் பட்டறையைத் தாண்டிப் போக முடியாது. திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தொலைவில் நடந்ததை நம் இளைஞர்களில் எத்தனைபேர் அறிவார்கள்?

பட்டறையில் பங்கேற்றவர்களுள் ஒருவரான மு. இராமசுவாமி, 1978இல் மதுரையில் ‘நிஜ நாடக இயக்க’த்தைத் தொடங்கினார். அதே காலத்தில் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை (1977), ஞாநியின் பரீக்‌ஷா (1978) ஆகியன தோன்றின. 1980இல் வங்கத்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, மேடையே வேண்டாம், தெருவே போதும் என்ற துணிவைப் பலருக்குக் கொடுத்தது. நிஜ நாடக இயக்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் ஆசிரியர்களும். பகலில் வேலை, மாலையில் ஒத்திகை. ஒருவருக்கு மாற்றல் வந்தால் நாடகம் நின்றுவிடும். ஒருவருக்குத் திருமணம் ஆனால் வேடம் மாறிவிடும். பயில்முறைக் குழுக்கள் அனைத்திற்கும் உள்ள தலைவிதி அது. அதனையும் மீறி அக்குழு பல ஆண்டுகள் நிலைத்தது.

அவர்கள் போட்டவற்றுள் ‘துர்க்கிர அவலம்’ என்னும் நாடகத்தை மட்டும் இங்கே சொல்கிறோம். கிரேக்க நாட்டு சோபாக்கிளீசின் ‘ஆன்டிகனி’யைத் தழுவி மு. இராமசுவாமி ஆக்கியது. தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர் அவர். ஆதலால் நாட்டுக்கலைகளின் சாயலை அதில் சேர்த்தார். கதை எளிது. போரில் மாண்ட ஒருவனின் உடலைப் புதைக்கக்கூடாதென்று அரசன் ஆணையிடுகிறான். தங்கை அதனை மீறி மண் அள்ளிப் போடுகிறாள். அதற்காக உயிரை இழக்கிறாள். ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட இக்கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிணத்தை எந்தப் பாதையில் கொண்டுபோவது என்பதற்காக மணிக்கணக்கில் பாடையை இறக்கிவைத்துக் காத்திருந்த மக்கள் நாம். ஆன்டிகனி நம் தெருப்பெண் என்றே தோன்றுகிறது. நம் மாணவர்கள் இனிமேல் போடத்தக்க நாடகம் எது என்று கேட்டால், முதலில் இதனையே சொல்வோம்.

எனினும், நவீன நாடகக்காரர்கள் நம் கலைகளை மேடையில் வரவேற்ற அளவுக்கு நம் மனிதர்களை வரவேற்றார்களா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. கரகமும் பறையும் அழகாய்ப் பயன்பட்டன. அவற்றை ஏந்தியவரின் வாழ்க்கை நாடகத்தின் பொருளாகப் பின்னரே வந்தது. வந்தவிதம், கே.ஏ. குணசேகரன் (1955–2016) வழியாக. இளையான்குடி அருகே மாறந்தையில் பிறந்தவர். ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலை ஊர்தோறும் பாடிப் பரப்பியவர். அவருடைய ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. 2005இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றை நம் நூலகத்தில் படிக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராயிருந்தார். கொட்டகைக்கு வெளியே நின்றவர்களின் மகன், சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் தாங்கிய பள்ளியில் பாடம் சொன்னான் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

இது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. மராட்டியத்தில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் 1930களிலேயே ‘அம்பேத்கரிய ஜல்சா’ குழுக்களை அமைத்து, அண்ணல் அம்பேத்கரின் கருத்துகளைப் பாட்டும் நகைச்சுவையும் கலந்து ஊர்ஊராகக் கொண்டுசென்றார்கள். அவர்களில் பலர் பகலில் கூலிவேலை செய்தவர்கள். தமாஷா என்னும் பழைய ஆட்டத்தில் தங்கள் மக்களை இழிவுபடுத்திய பகுதிகளை நீக்கிவிட்டு, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எதை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று தாமே முடிவு செய்தார்கள்.

இப்போது செயற்குழு வழக்கிற்குத் திரும்புவோம். பறையைக் கீழே வைத்தவர்களின் பக்கம் நியாயம் உண்டு. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். தீண்டாமை பற்றி ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969இல் அறிக்கை அளித்தவரும் அவரே. அறியாமையால் கருவியை வெறுத்தவர் அல்லர் அவர். சாவு வீட்டு வாசலில் இரண்டு நாள் நிற்கும் கட்டாயத்தை அவர் எதிர்த்தார். அந்த மறுப்பு இல்லையேல் நம்மில் பலர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டோம். பையன் பள்ளிக்குப் போகும் நாளில்தான் ஊரில் சாவு விழும். அவனைத்தான் முதலில் அழைப்பார்கள்.

அதே வேளையில், நம் திண்டுக்கல்லிலேயே 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவை எண்ணுங்கள். அருட்சகோதரி சந்திராவும் உடனிருந்தோரும், படிப்பை இடையில் விட்ட தலித் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, பறையும் ஒயிலும் கும்மியும் வீதி நாடகமும் கற்பித்தார்கள். பறை ஆண்களின் கருவி, சாவின் கருவி என்ற இரண்டு விதிகளும் அங்கே ஒன்றாக உடைந்தன. பதினாறு பதினேழு வயதுப் பெண் நிமிர்ந்து நின்று, பார்ப்போரை நேரே நோக்கி அடிக்கிறாள், அடித்துக்கொண்டே ஆடுகிறாள். அமெரிக்க இசையாய்வாளர் சோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததையும் நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நம் ஊர் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோலைப் பதப்படுத்தியவர்களின் பேத்திகள், அந்தத் தோலைத் தங்கள் விருப்பப்படி முழங்குகிறார்கள்.

தாத்தாவின் ‘மாட்டேன்’ என்பதும் பேத்தியின் ‘அடிப்பேன்’ என்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று நாம் நினைக்கிறோம். இருவரும் தமக்காகத் தாமே முடிவு செய்தார்கள். ஆயினும் ஒரு நிபந்தனையை இளைஞர்கள் மறக்கக்கூடாது. மேடையில் பறை ஏந்துபவர்கள், நாளைக்கே ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் ‘அதுதான் நன்றாக அடிக்கிறீர்களே, எங்கள் துக்கத்துக்கும் வாருங்கள்’ என்று அழைத்தால் என்ன விடை சொல்வது என்பதை இன்றே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். கூலி எவ்வளவு, எங்கே அடிப்போம், எங்கே அடிக்க மாட்டோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த விடைகள் நமக்குத் தெரியாதவை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். நம் சங்கத்து ஆண்டுவிழா நாடகங்களில் இன்றும் பெண் வேடத்துக்குப் பையன்களைத் தேடும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஒத்திகை முடிய இரவாகிறது, பெண்ணை எப்படி அனுப்புவது என்று தாய்மார்கள் கேட்பதும் நியாயமே. அப்படியானால் ஒத்திகையைப் பகலுக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் காலியாகத்தானே கிடக்கிறது!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாம் இதுவரை சொன்ன வரலாற்றில் காந்திகிராமத்துக்கு ஆண்டு உண்டு, நிஜ நாடக இயக்கத்துக்கு ஆண்டு உண்டு. நம் தெருவில் அரிச்சந்திரன் போட்டவர்களுக்கு ஆண்டும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுடைய பாட நோட்டுகள் மட்டும் சில வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில், பென்சிலால், எழுத்துக்கூட்டி எழுதிய வசனங்கள். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதியவை. எழுதத் தெரியாதவர்களுக்கு மகன் எழுதிக்கொடுத்தவை. ஓரத்தில் யார் எந்த வேடத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்ற கணக்கும் இருக்கும். சென்ற மாதம் ஓர் உறுப்பினர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். கரையான் அரித்ததுபோக மயான காண்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது இப்போது நூலகத்து மேசையில் கண்ணாடிக்கடியில் உள்ளது; வெளியே போகும்போது பார்க்கலாம். இத்தகைய நோட்டுகள் வீட்டில் உள்ளவர்கள் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்கள் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவார்கள். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வேடம் கட்டியவர் இன்னும் இருந்தால், அவரையும் கையோடு அழைத்து வாருங்கள். நோட்டில் இல்லாத மெட்டு அவரிடம்தான் இருக்கிறது.